கட்டிய லட்சமும் கிடைத்த சீட்டும்

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலை. அதில் எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறார் அப்பா. மாதம் 22,000 ரூபாய் சம்பளம். மகள் 2024-ல் பிளஸ் டூ முடித்தாள். கணக்கில் நூற்றுக்குப் பக்கத்தில், இயற்பியலும் வேதியியலும் அதற்குக் கொஞ்சம் கீழே. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறப்போகும் முதல் ஆள் அவள்.

தேர்வு முடிவு வந்த கையோடு ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து போன். நுழைவுத் தேர்வு எழுதியிருந்தாள். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும், ஐந்து நாளுக்குள் ஒரு லட்சம் ரூபாய் முன்பணம் கட்டினால் சீட் உறுதி என்றார்கள். வீட்டில் லட்ச ரூபாய் இல்லை. அம்மாவின் மூன்று பவுன் செயின் கூட்டுறவு வங்கிக்குப் போனது.

"சீட்டு போயிருச்சுன்னா அப்புறம் யாரைப் போய்க் கேக்கறது? கட்டி வச்சிருவோம். கவுன்சலிங்ல நல்லதா வந்தா அப்பப் பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அவரைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் ஏப்ரல், மே மாதத்திலேயே சீட்டைக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடுகின்றன. தமிழ்நாடு அரசின் பொறியியல் கலந்தாய்வு ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் சூடு பிடிக்கிறது. நடுவில் கிடக்கும் இரண்டு மூன்று மாதம் பெற்றவர்களின் பயத்துக்கு விலை போகும் காலம். கையில் ஒரு சீட்டாவது இருக்கட்டும் என்று நகையும் சேமிப்பும் போகின்றன.

ஆகஸ்டில் முதல் சுற்றுக்குத் தற்காலிக ஒதுக்கீடு வந்தது. காலை பத்து மணியிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள். "எம்ஐடிம்மா! குரோம்பேட்டை!"

அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளில் ஒன்று அது. ஆனால் அடுத்த வரியைப் படித்ததும் வீடு அமைதியாகிவிட்டது. பாடப்பிரிவு: எலக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன்.

"இதுல கம்ப்யூட்டர் இல்லையா பாப்பா?"

"இல்லப்பா. அதுக்கு என் கட்-ஆஃப் பத்தாது."

உறுதி செய்ய இரண்டே நாள்தான். மறுநாள் மாலை ஐந்து மணிக்குக் கதவு மூடிவிடும். அந்த இரண்டு நாளில் சொந்தக்காரர்கள் எல்லோரும் கல்வி ஆலோசகர்கள் ஆகிவிட்டார்கள். பெங்களூரில் ஐடி கம்பெனியில் இருக்கும் பெரிய மாமா, "இன்ஸ்ட்ருமென்டேஷனா? யாருமே எடுக்க மாட்டாங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கையில வச்சுக்கிட்டு எதுக்கு யோசிக்கிறீங்க?" என்றார். அத்தை வேறு மாதிரி சொன்னார்: "லட்ச ரூவா கட்டியாச்சுல்ல. அதை விட்டுட்டு வர்றதா?"

முடிவைப் பிடித்து இழுத்தது அத்தையின் அந்த வாக்கியம்தான். அன்று இரவு அப்பா எதைப் பேசினாலும் கடைசியில் அந்த லட்சத்தில் போய் நின்றது. எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்டவர்கள் கொஞ்ச நேரத்தில் லட்சம் போய்விடுமே என்ற பேச்சுக்கு மாறிவிட்டார்கள். அது வேறு கேள்வி என்பதுகூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கிறது. 2018 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யுஜிசி, கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், சிறிய நடைமுறைக் கட்டணம் போக முழுத் தொகை. அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி முடிந்து பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. எழுத்து மூலம் விண்ணப்பித்த பதினைந்து நாளுக்குள் பணம் வர வேண்டும். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. 2024-25 கல்வியாண்டுக்கு யுஜிசி இன்னும் தாராளமாகவே சொன்னது: செப்டம்பர் 30 வரை விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31 வரை என்றால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இது பொருந்தும்.

இதைக் கண்டுபிடித்தது மகள்தான். யுஜிசி கடிதத்தின் பிடிஎஃப்பை இறக்கி அப்பாவிடம் காட்டினாள். அவர் இரண்டு முறை படித்தார். "தருவாங்களா?" என்றார். "தரணும்ப்பா." தரணும் என்பதற்கும் தருவார்கள் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் அதற்குப் பிறகுதான் இரண்டு பல்கலைக்கழகங்களையும் சமமாக வைத்துப் பார்க்கவே அவரால் முடிந்தது.

முதலில் பணம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு நாலே கால் லட்சம். நாலு வருடத்துக்கு 17 லட்சம். அதில் 15 லட்சத்தைக் கல்விக் கடனாக வாங்குவதாகத்தான் மே மாதம் பேசியிருந்தார்கள். கணக்கு யாரும் போடவில்லை. இப்போது ஆலையில் கணக்குப் பிரிவில் இருக்கும் ஒருவர் உட்கார்ந்து போட்டுக் கொடுத்தார்.

வருடத்துக்கு மூன்றே முக்கால் லட்சமாக நாலு தவணையில் கடன் வருகிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது. அந்த ஐந்து வருடத்தில் தனி வட்டியாகவே ஐந்தே கால் லட்சம் சேர்ந்துவிடும். 20 லட்சத்துக்கு மேல் ஆகிவிட்ட அந்தக் கடனைப் பத்து வருடத்தில் அடைக்க, மாதத் தவணை 26,700 ரூபாயைத் தாண்டுகிறது. ஐடி நிறுவனங்கள் கூட்டமாக ஆள் எடுக்கும்போது புதியவர்களுக்குக் கொடுக்கும் சம்பளம், பத்து வருடத்துக்கும் மேலாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தை ஒட்டியேதான் நின்றுகொண்டிருக்கிறது. மாதத்துக்கு 29,000. பிள்ளை சென்னையில் அறை வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டாமா?

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் மானியத் திட்டம் இருக்கிறது. அதற்கும் கடன் தொகையில் வரம்பு உண்டு. அதோடு ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பொதுவாகச் சொத்துப் பிணை கேட்கும். இந்த வீட்டுக்கு இருப்பது தாத்தா பெயரில் ஒரு கூட்டுப் பட்டா. மூன்று சித்தப்பாக்களும் கையெழுத்துப் போட வேண்டும்.

குரோம்பேட்டையிலும் விடுதி, சாப்பாட்டுச் செலவு உண்டு. எல்லாம் சேர்த்தும் நாலு வருடச் செலவு, அந்தப் பக்கத்தின் ஒன்றரை வருடக் கணக்கைத் தாண்டவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால்தான் கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி, அதனால் அது இல்லை.

பணம் மட்டும் பார்த்து முடிவு செய்தால் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால் மாமா சொன்னது வெறும் பேச்சில்லை. வேலை கிடைக்காவிட்டால் மலிவான படிப்பால் என்ன பயன்?

நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பலகை மதுரை போகும் வழியெல்லாம் நிற்கிறது. அதில் ஒரு மாணவர் வாங்கிய அதிகபட்சச் சம்பளம் கொட்டை எழுத்தில் இருக்கும். அந்த ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து மற்ற ஆயிரக்கணக்கானவர்களைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. கேட்க வேண்டியது இடைநிலைச் சம்பளம். வேலை கிடைத்த நூறு பேரைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார் என்பது.

இது ரகசியமான தகவல் இல்லை. மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்ஐஆர்எஃப் தரவரிசையில் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும், தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலேயே போட்டு வைக்க வேண்டும். பெரும்பாலும் முகப்புப் பக்கத்தின் அடியில் 'என்ஐஆர்எஃப்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்த பிடிஎஃப்பில் ஆண்டுவாரியாக எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நாலு வருடத்துக்குள் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று எல்லாம் உண்டு. தரவரிசை எண்ணைவிட இந்த நாலைந்து வரிகள் பிரயோஜனமானவை. பாடப்பிரிவு வாரியாக இருக்காது என்பது ஒரு குறை. இன்னொன்று, அந்த எண்களை எழுதிக் கொடுப்பது அந்த நிறுவனமேதான். அதனால் ஒரே வருடத்தைப் பார்த்து ஏமாறாமல் மூன்று வருடத்தைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

மகள் இரண்டு பிடிஎஃப்களையும் திறந்து ஒரு நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாள். அம்மா வந்து எட்டிப் பார்த்தார். "நடு ஆளு எந்தப் பக்கம்டி அதிகம் வாங்குறான்?" என்று கேட்டார். மகள் எண்ணின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பலகையில் இருந்த எண்ணுக்கும் நோட்டில் இருந்த எண்ணுக்கும் இருந்த தூரத்தைப் பார்த்து அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அங்கீகாரத்திலும் ஒரு குழப்பம் உண்டு. நாக் கொடுக்கும் தரம் மொத்த நிறுவனத்துக்கு. என்பிஏ அங்கீகாரம் ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. வாசலில் 'ஏ பிளஸ் பிளஸ்' பலகை இருந்தாலும், போன வருடம் புதிதாகத் தொடங்கிய பிரிவுக்கு என்பிஏ இருக்காது.

அடுத்து, அந்த இன்ஸ்ட்ருமென்டேஷன். அது புதிதாக ஒட்ட வைத்த பெயரில்லை. 1949-ல் சி. ராஜம் குரோம்பேட்டையில் எம்ஐடியைத் தொடங்கியபோது அங்கே இருந்தவை விமானம், வாகனம், மின்னணு, கருவியியல் என்ற நாலே பிரிவுகள். அந்த நாலாவதுதான் இது. விமானப் பிரிவில் அப்துல் கலாம் படித்தார், மின்னணுப் பிரிவில் எழுத்தாளர் சுஜாதா படித்தார். அங்கே சேர ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அக்கா ஜொஹரா தன் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்ததைக் கலாமே 'அக்னிச் சிறகு'களில் சொல்லியிருக்கிறார்.

மின் நிலையம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று எங்கே வெப்பத்தையும் அழுத்தத்தையும் அளந்து கட்டுப்படுத்த வேண்டுமோ அங்கெல்லாம் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. கேட் தேர்வில் தனித் தாளே இருக்கிறது. ஐடி நிறுவனங்கள் பலவும் வளாகத் தேர்வில் இந்தப் பிரிவு மாணவர்களையும் அழைக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகக் கல்லூரிகளுக்குப் பொதுவாக ஒரே வேலைவாய்ப்பு மையம் என்பதால், வரும் நிறுவனங்கள் ஒரு பிரிவுக்காக மட்டும் வருவதில்லை. ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவருக்குத் திறக்கும் எல்லாக் கதவும் இதற்குத் திறக்காது. மென்பொருள் பக்கம் போக நினைத்தால் நிரல் எழுதுவதைச் சொந்த முயற்சியில் கற்றுக்கொள்ள வேண்டும். மாமா சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

எல்லா வீட்டிலும் இந்தத் தராசு இதே பக்கம் சாயும் என்று நினைக்க வேண்டாம். கலந்தாய்வில் கிடைத்தது ஆசிரியர்களே நிலைக்காத, ஆய்வகம் பூட்டிக் கிடக்கும் ஒரு கல்லூரி என்றால், நல்ல நிகர்நிலைப் பல்கலைக்கழகமே மேல். சில தனியார் பல்கலைக்கழகங்களில் நுழைவுத் தேர்வில் எடுக்கும் இடத்தைப் பொறுத்துக் கட்டணமே பாதியாகக் குறைவதும் உண்டு. அதே தெருவில் இன்னொரு பையன் அப்படித்தான் போனான், நன்றாகவே படிக்கிறான்.

இவ்வளவும் பேசி முடித்தபோது இரவு பத்து மணி. மகளிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் அப்பாவுக்கு உறைத்தது.

"உனக்கு எது பாப்பா?"

"எனக்கு ரெண்டுமே பயமா இருக்குப்பா. என் பிரெண்ட்ஸ் எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ். நான் மட்டும் என்ன படிக்கிறேன்னு சொல்லவே தெரியாது. இன்ஸ்ட்ருமென்டேஷன்னா என்னன்னு கேட்டா என்ன சொல்றது?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஆலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். ஆட்டோகோனர் இயந்திரத்தில் நூல் ஓடும்போது, ஒரு சின்ன சென்சார் அதன் தடிமனைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது திக்காகவோ தின்னாகவோ வந்தால் அந்த நொடியே கத்தி வெட்டிவிடும். டிரா ஃபிரேமில் ஆட்டோலெவலர் இருக்கிறது. பஞ்சுக் கயிறு தடித்தால் இழுப்பைக் கூட்டும், மெலிந்தால் குறைக்கும். "அது கெட்டுப்போனா நாங்க தொட மாட்டோம் பாப்பா. கோயம்புத்தூர்ல இருந்து ஒரு இன்ஜினியர் வருவாரு. லேப்டாப்பைச் சொருகிப் பாப்பாரு. அவர் வர்ற வரைக்கும் மிஷினு நிக்கும். மேனேஜரே அவருக்கு டீ எடுத்துட்டு வருவாரு. அவர் படிச்சது இதுதான்."

மறுநாள் காலை மகள் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு சீனியரிடம் பேசினாள். ஒருவர் பள்ளி அக்கா, இன்னொருவர் தோழியின் அண்ணன். கல்லூரி எப்படி என்று கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்றுதான் சொல்வார்கள். அவள் கேட்டது வேறு. வகுப்பில் எத்தனை பேர், ஆய்வகத்தில் ஒரு கருவிக்கு எத்தனை பேர், உங்கள் வகுப்பில் இன்னும் வேலை கிடைக்காதவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்விக்கு ஒருவர் உடனே எண்ணிச் சொன்னார். இன்னொருவர் பேச்சை மாற்றினார்.

மாலை நாலே காலுக்கு அவள் உறுதி செய்தாள். 'ஏற்கிறேன், மேலே கிடைத்தால் மாறுகிறேன்' என்ற தெரிவு. இதில் ஒரு கண்ணி உண்டு. மேல் விருப்பத்தில் இடம் வந்துவிட்டால், கையில் இருப்பது தானாகப் போய்விடும். அதனால் பட்டியலில் மேலே இருப்பவை எல்லாம் உண்மையிலேயே இதைவிட வேண்டியவையாக இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் சயின்ஸ்னு இருக்கிற எல்லாக் காலேஜையும் மேல போட்டு வை" என்று மாமா சொன்னதை அவள் கேட்காமல் விட்டது நல்லதாய்ப் போனது. அவள் மேலே வைத்திருந்தவை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தின் பிரிவுகள் மட்டும்தான். அவற்றில் எதுவும் வரவில்லை. குரோம்பேட்டை நின்றது.

லட்சம் மட்டும் சுலபமாக வரவில்லை. போனில் பேசியவர், "முன்பணம் ரீஃபண்ட் கிடையாது, ரசீதுலயே போட்டிருக்கு" என்றார். ரசீதின் பின்பக்கம் அப்படித்தான் இருந்தது. மகள் மின்னஞ்சலில் விலகல் கடிதம் அனுப்பினாள். தேதி, விண்ணப்ப எண், வங்கிக் கணக்கு விவரம், கூடவே யுஜிசி கடிதத்தின் நகல். பதினைந்து நாள் கழித்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லை என்றதும், யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதிவு செய்துவிட்டு அந்தப் புகார் எண்ணையும் அனுப்பினாள். நாற்பதாவது நாள் அப்பாவின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது. 99,000 ரூபாய் வரவு. விதிப்படி முழுதாக வந்திருக்க வேண்டும். அந்த ஆயிரத்துக்காக யாரும் சண்டைக்குப் போகவில்லை.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் கூட்டுறவு வங்கிக்குப் போய் வட்டியோடு கட்டிச் செயினை மீட்டார்கள். அம்மா அங்கேயே கழுத்தில் போட்டுக்கொண்டார். பைக்கில் திரும்பும்போது சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டே வந்தார்.

அன்று இரவு விடுதியிலிருந்து போன். பின்னால் மின்சார ரயில் போகும் சத்தம் கேட்டது. சாப்பிட்டாயா, தலைக்கு எண்ணெய் வைத்தாயா என்ற அம்மாவின் விசாரணை முடிந்து போன் அப்பா கைக்கு வந்தது.

"அப்பா, உங்க ஆட்டோகோனர்ல நூலைப் பாக்கற சென்சார் கெப்பாசிட்டிவா ஆப்டிக்கலா? சீனியர் அக்கா கேட்டாங்க, எனக்குச் சொல்லத் தெரியலை."

அப்பாவுக்கும் தெரியவில்லை. "நாளைக்கு நைட் ஷிப்டு. மேல என்ன எழுதியிருக்குன்னு போட்டோ எடுத்து அனுப்புறேன் பாப்பா" என்றார்.